நோர்மன் ஒட்டிய கால்

மட்டக்களப்பில் இரும்பு உடைந்தால் நோர்மனைத் தேடுவார்கள். பஸ்ஸின் சேசிஸ், தோணி மோட்டரின் தண்டு, கோயில் மணியின் கொக்கி, எதுவானாலும் சரி. போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பம், தகப்பன் காலத்திலிருந்து வெல்டிங்தான் தொழில். வயது அறுபத்தெட்டு. ஒரு கண் மங்கல், வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. "உடைக்கிற ஆக்கள் இருக்கும் வரைக்கும் எனக்குச் சோறு" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் போன கிழமை ஒரு பீரங்கிக்கு முன்னால் வாயடைத்துப்போய்க் குந்தியிருந்தார்.

வாவிக்கரை வீதி முடக்கில் நினைவுச்சின்னமாக நிற்கிற பழைய பீரங்கி அது. சண்டை முடிந்த பிறகு ஆமிக்காரர் பச்சைப் பெயின்ற் அடித்து, சங்கிலி வேலி போட்டு, சுற்றிவரப் பூமரமும் நட்டார்கள். பாசிக்குடாக் கடற்கரைக்குப் போகிற வெளிநாட்டுக்காரர் இறங்கிப் படம் எடுப்பார்கள். உப்புக்காற்றுக்கு நினைவுச்சின்னமாவது மண்ணாங்கட்டியாவது! பின்னங்கால் இரண்டில் ஒன்று துருவேறி விரிசல் விட்டு, பீரங்கி ஒரு பக்கம் சரிந்துவிட்டது. மாநகர சபை மேற்பார்வையாளர் வினாயகமூர்த்திதான் நோர்மனைக் கூட்டிவந்தார்.

நோர்மன் பெயின்றைச் சுரண்டினார். உள்ளே ஒரு பழைய ஒட்டு. இரண்டு முனையிலிருந்தும் வந்து, நடுவில் சந்தித்த இடத்தில் புளியங்கொட்டை அளவு முடிச்சு. மற்ற வெல்டிங்காரர் அந்த முடிச்சைத் தேய்த்து மட்டமாக்கிவிடுவார்கள். தேய்த்தால் பலம் போகும் என்பது நோர்மனுடைய தகப்பனின் பிடிவாதம். முடிச்சை விட்டுவைக்கிற கை அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன், சண்டைக் காலத்தில், இரண்டு ஆமிக்காரர் வந்து அவரைக் காம்புக்கு, தங்கள் முகாமுக்கு, ஏற்றிப்போனார்கள். எதையோ தறப்பாளால் மூடியிருந்தார்கள்; ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அரை மணித்தியால வேலை. 'உழவு மெசின் இழுக்கிற பெட்டியின்ர கால்' என்று வீட்டில் வந்து சொன்னார். நம்பித்தான் சொன்னாரா, பயத்தில் சொன்னாரா? அதுதான் இப்போது பிடிபடவில்லை. நம்பின மாதிரியும் இருக்கிறது, நம்பாத மாதிரியும் இருக்கிறது.

அடுத்த மாதம் மனைவி ஓட்றியின் தங்கை எறிக்கா செத்துப்போனாள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தவள். அவளைக் கொன்றது வாவிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஆமி அடித்த ஷெல்.

"வினாயகம், இது சண்டை நேரம் எங்க நிண்டதெண்டு கேளுங்க."

வினாயகமூர்த்தி காவலுக்கு நின்ற சிப்பாயிடம் சிங்களத்தில் கேட்டார். "வவுனியாப் பக்கமாம்" என்றார். மோட்டர் சைக்கிளில் வந்த சார்ஜன்ட், இல்லை, எந்த நாளும் இங்கேதான் நின்றது என்றான். இருவரும் கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு, தெரியாது என்று முடித்தார்கள். பீரங்கிக்குப் பக்கத்தில் நட்டிருந்த நினைவுக் கல்லில் செத்த வீரர்களின் பெயர்கள் இருந்தன. பீரங்கி எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கவில்லை. இதே மாதிரி நாலு பீரங்கி நின்றிருக்கலாம். ஒட்டிய காலைக் கழற்றி வேறொன்றுக்குப் பூட்டியிருக்கலாம். நோர்மன் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

ஓட்றியிடம் சொல்வதா, விடுவதா? சொன்னால் இந்த வயதில் அவள் தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயந்தார். சொல்லாமல் அவள் கையால் வாங்கித் தின்னவும் முடியாது போலிருந்தது. குசினி வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார்.

"ஓட்றி, அண்டைக்குக் காம்பில நான் ஒட்டினது பெட்டிக்கால் இல்ல. ஆட்லறிப் பீரங்கிக்கால்."

இறால் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. பெட்டிக்கால் ஒட்டினதுக்கு ஆமிக்காரன் ஒரு மூடை அரிசி தருவானா? நீங்க சந்தோசமாத் தூக்கிக்கொண்டு வந்தீங்க. நான்தான் ஆக்கினன். எறிக்காவும் ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தச் சோத்தத்தான் திண்டிற்றுப் போனாள்."

அந்த அரிசியை நோர்மன் அடியோடு மறந்திருந்தார்.

"அப்ப ஏன் என்னட்ட ஒண்டும் கேக்கல்ல?"

"நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"எறிக்காவுக்கு அடிச்சது அந்தப் பீரங்கிதானா எண்டு தெரியாது, ஓட்றி. ஒருத்தனுக்கும் தெரியாது. ஒருத்தன் வவுனியா எண்டுறான், ஒருத்தன் இஞ்ச எண்டுறான்..."

ஓட்றி இறால் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"நான் பீரங்கியைப் பத்தியா கேக்கிறன்?" என்றாள். "இருவத்தெட்டு வருசம் எனக்குப் பக்கத்திலதானே படுத்துக் கிடந்தீங்க."