ஹானோரா டீஸியின் நாற்பது ஏக்கர்

1858 ஏப்ரல் 12. புல்லாரூவில் வக்கீல் அலுவலகம் திறப்பு. ஆண்டு வாடகை பதினெட்டு பவுன்.
1863 மே 4. ஹானோரா டீஸி, நாற்பது ஏக்கர். முன்பணம் பத்து பவுன்.
1865 செப்டம்பர் 18. நஷ்டஈடு பதினான்கு பவுன்.
1865 நவம்பர் 2. நாற்பது ஏக்கரும் பறிமுதல்.
1866 முதல் 1881 வரை. சிட்னிக்குத் தபால்தலை, ஐந்து ஷில்லிங் நான்கு பென்ஸ்.

புல்லாரூவின் ஒரே வக்கீல் லூக் ஹார்கட். சேணக்கடைக்கு மேலே மாடி அறை. படியேறும்போதே தோல் வாடை அடிக்கும். சட்டம் படித்தது சிட்னியில், பிழைத்தது வேலித் தகராறுகளில்.

அறுபத்தைந்தாம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஹானோரா பன்னிரண்டு மைல் நடந்து அந்தப் படியேறினாள். கணவனை இழந்தவள். மக்கிர்டி பண்ணையின் ஆடுகள் அவளுடைய பச்சைக் கோதுமையை மேய்ந்து தீர்த்திருந்தன.

"காசு கெடையாதுங்கய்யா. மூணு கோழி இருக்கு. அதுல ஒண்ணு முட்டை போடாது."

"அதைத்தான் என் தலையில கட்டப் பாக்கறீங்களா?"

"இல்லீங்க. அது மக்கிர்டிக்கு."

ஹார்கட் வாய்விட்டுச் சிரித்து வழக்கை எடுத்துக்கொண்டார்.

விசாரணைக்கு முந்தின நாள் ஆறு பெருகியது. ஊர் ஊராகச் சுற்றி வரும் நீதிபதி அக்கரையில் மாட்டிக்கொண்டார். ஹானோரா சத்திரத்தில் துணி துவைத்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டாள்:

"ஒரு நடை வீட்டுக்குப் போயிட்டு வந்துடட்டுங்களா? பிள்ளை தனியா இருக்கா."

மகள் பிரிஜிட்டைச் சொன்னாள். முந்தின கோடையில் காய்ச்சலில் போனவள். வீட்டுக்குப் பின்னால் குர்ராஜோங் மரத்தடியில் கிடந்தாள்.

"நீதிபதி எப்ப வேணா வந்துடுவாரு. கூப்பிடும்போது நீங்க இல்லேன்னா கேஸ் போயிடும். இங்கயே இருங்க."

அரசிடம் நிலம் எடுத்தவர் அதிலேயே குடியிருக்க வேண்டும். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் நிலம் போய்விடும். ஹார்கட்டுக்கு அந்தச் சட்டம் தெரியாததல்ல. நில அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஆடுகளைப் பற்றிய வாதத்தில் மூழ்கியிருந்தவருக்கு அது தோன்றவில்லை.

ஐந்தாவது வாரம் நீதிபதி வந்தார். வழக்கு ஜெயித்தது. ஹானோரா ரொட்டிக்கு உலர்திராட்சை வாங்கிக்கொண்டு வீடு போனாள். கதவில் நோட்டீஸ் அறைந்திருந்தது. வீடு ஒரு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறதென்று மக்கிர்டியின் மேலாள் புகார் கொடுத்திருந்தான். முறையீடு நிற்கவில்லை. ஏலத்தில் நிலத்தை மக்கிர்டியே எடுத்தான்.

அவள் சத்திரத்திலேயே துவைக்கத் தங்கிவிட்டாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்:

"ஒரு நடை போயிட்டு வரேன்னு கேட்டேனேங்கய்யா."

அதன்பிறகு யார் படியேறினாலும் ஹார்கட் முதலில் நில அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டே வழக்கைக் கேட்டார். ஊர் அதையும் கேலியாக்கியது. "ஹார்கட்கிட்ட மணி கேட்டுப் பாரு, வீட்டை விட்டு வந்ததுக்குக் கடுதாசி போட்டுட்டுத்தான் சொல்லுவாரு!"

நிலம் திரும்பாது என்று ஆனபின் ஒன்றை மட்டும் கேட்டு சிட்னியிலிருந்த நிலத்துறைக்கு எழுதினார்: கல்லறைக்குப் போய்வர வழி. ஆண்டுக்கு இரண்டு கடிதம். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும்.

"வேலியைத் தாண்டி ஒருதரம் பாத்துட்டு வந்துடறேனே?" என்பாள் ஹானோரா.

"எழுத்துல வராம அங்க காலை வைக்காதீங்கம்மா. அத்துமீறல்னு உங்களைத்தான் பிடிப்பாங்க."

அவள் வைக்கவில்லை.

எண்பத்தொன்று ஆகஸ்டில் நெஞ்சுச்சளி கண்டு இறந்தாள். சவப்பெட்டி செய்யச் சொல்லிவிட்டு, ஹார்கட் முதல்முறையாகப் பண்ணைக்கு வண்டி கட்டினார். மக்கிர்டி செத்துப் பல காலம். பண்ணையைப் பார்த்துவந்தவன் ட்ரெவர் பாஸ்கோ என்ற இளைஞன். ஹானோராவை மகளுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்றார் ஹார்கட். வழிநெடுகத் தயாரித்த வாதத்தை அவர் தொடங்குமுன்பே அவன் தொப்பியைக் கழற்றினான்.

"அந்த மரத்தடியா? தாராளமாப் புதைங்க. சின்னக் கல்லறையாச்சேன்னு நாங்க அங்க ஆடுகூட விடறதில்ல."

"வழி?"

"கேட்டைப் பூட்டறதே இல்லீங்களே. பெரியவர் போனதுலேருந்தே அப்படித்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வண்டியில கூட்டிட்டுப் போயிருப்பேன்."

ஹார்கட் கேட்டை ஒரு கையால் தள்ளினார். திறந்துகொண்டது.

மகளுக்குப் பக்கத்தில் தாயைப் புதைத்தார்கள். ஹார்கட் அதன்பிறகு வழக்கு எதுவும் எடுக்கவில்லை.

ஹானோரா டீஸி தம் மகளின் கல்லறைக்குச் சென்றுவரலாம் என்ற அனுமதிக் கடிதம் சிட்னியிலிருந்து வந்து சேர்ந்தது, 1881 அக்டோபர் 6.