பொடியனா, கொக்கா?

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் டெய்லரம்மாவுக்கு ரக்பியைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் மனுஷி இருக்க முடியாது.

கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அன்றைக்கு அரை நாள் வேலை முடிந்ததும் டிப்போ ஆட்கள் நாலைந்து பேர் அவர் பின்னாலேயே வந்து டிவி முன்னால் சம்மணம் போட்டுவிடுவார்கள். ஆட்டம் என்னவோ எண்பது நிமிஷம்தான். தேசிய அணியில் யாரைச் சேர்ப்பது, யாரைக் கழற்றிவிடுவது என்ற சண்டை இருட்டும் வரை ஓடும். "இவனையெல்லாம் எவன்யா சென்டர்ல போட்டது? மாமனார் செலக்டரா இருக்காரா?" என்று மெக்கானிக் போடும் சத்தம் தெருவைத் தாண்டி எதிரில் இருக்கும் அவளுடைய கடைக்கே கேட்கும். அவள் மிஷினை வேகமாக மிதித்து அதை அமுக்கப் பார்ப்பாள்.

பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, போன ஜிப்பை மாற்றுவது என்று ஆல்டரேஷன் வேலை மட்டும்தான் அந்தக் கடையில். "புதுசா தைச்சுக் குடுத்தா ஆயிரம் நொட்டை சொல்வாங்க. பழசைச் சரிபண்ணிக் குடுத்தா கும்புடுவாங்க" என்பாள்.

ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் பாதியில் நின்றார். வலது கை தொங்கிவிட்டது. "என்னங்க, என்னங்க" என்று அவள் ஓடிவந்தபோது அவர் வாய் கோணிக்கொண்டு அசைந்தது, பேச்சு வரவில்லை. பக்கவாதம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். உயிர் பிழைத்தது. கால் மெல்ல மெல்ல நடைக்கு வந்தது. பேச்சுதான் போனது போனதுதான். புத்தி தெளிவாக இருந்தது, சொன்னதெல்லாம் புரிந்தது. தொண்டை வரை வந்த வார்த்தை மட்டும் வெளியே வராமல் அடம்பிடித்தது. எதைக் கேட்டாலும் "அது... அது..." என்பார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

டிப்போ ஆட்கள் பார்க்க வந்தார்கள். காது கேட்காதவரிடம் பேசுவதுபோல ஆளாளுக்குக் கத்தினார்கள். பதில் வராத மனுஷனிடம் எவ்வளவு நேரம்தான் பேசுவது? வருகை குறைந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் வீடு மயான அமைதியாக இருந்தது. அவள் கடையில் உட்கார்ந்து, கேட்காத சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. கப், சாவி, பூனை என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டி, இது என்ன, அது என்ன என்று கேட்பாள். பஸ் இன்ஜினையே பிரித்துப்போட்டு மாட்டிய மனுஷன், பூனைக்குப் பேர் சொல்ல முடியாமல் கூனிக்குறுகிப்போனார். ஒரு நாள் எல்லா அட்டையையும் இடது கையால் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

வாசலில் அந்தப் பெண் டெய்லரம்மாவைத் தனியாக நிறுத்திக் கேட்டாள். "சாருக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஏதாவது இருக்கா ஆன்ட்டி?"

"ரக்பிதான். அதுல நான் பெரிய பூஜ்யம்மா."

"அதையே பேசுங்க. தப்பாப் பேசினாலும் பரவாயில்ல. அவருக்குத் திருத்தணும்னு தோணட்டும்."

தப்பாகப் பேசவும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டுமே! டிப்போக் கூட்டத்தில் கண்டக்டர் என்று ஒருவர் உண்டு, கணவருக்கு நெருங்கிய சிநேகிதர். அவருக்கு ஆள் விட்டாள். மறுநாளே யூனிபார்மோடு கடைக்கு வந்து நின்றார்.

"அண்ணி, கூப்பிட்டீங்களாமே? அண்ணனுக்கு ஒண்ணும்..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. எனக்கு ரக்பி சொல்லிக்குடுங்க."

கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பொத்தான் டப்பாவை இழுத்து, துணி வெட்டும் மேசையில் கொட்டினார். பெரிய பொத்தான் எட்டை ஒரு கொத்தாக வைத்தார். "இவங்க முன்னாடி. முட்டி மோதிப் பந்தை எடுத்துக் குடுக்கிறவங்க. இவங்களை விடுங்க." ஏழு சின்னப் பொத்தான்களை அதற்குப் பின்னால் சரிவாகப் பரப்பினார். "இதுதான் பின்வரிசை. பந்தை வாங்கிக்கிட்டு ஓடுறவங்க. நடுவுல நிக்கிறவன் சென்டர், ஓரத்துல ஓடுறவன் விங். சண்டை பூரா இவங்களை வச்சுத்தான்." கடைசியில் தனியாக நின்ற வெள்ளைப் பொத்தானைத் தட்டினார். "இவன் ஃபுல் பேக். கடைசிக் காவல். எதிராளி வானத்துக்கு உதைக்கிற பந்தைப் பிடிக்கணும், பிடிச்சதும் ஓடணும். தேசிய அணியில பழைய ஆளுக்கு முட்டி போச்சு. இப்ப அந்த இடத்துக்கு ரெண்டு பேர் போட்டி. ஒருத்தன் குள்ளம், மின்னல் மாதிரி ஓடுவான். அவனைப் பொடியன்னுவோம். இன்னொருத்தன் நெட்டைக்கொக்கு. பந்து அவன் கையை விட்டு நழுவாது. ஆனா ஆள் நிதானம்."

"உங்க அண்ணன் எந்தக் கட்சி?"

"பொடியனுக்காக உயிரைக் குடுப்பாரு."

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது டெய்லரம்மா ஆரம்பித்தாள். "ஏங்க, அந்த ஃபுல் பேக் இடத்துக்குக் கொக்கைத்தானே போடணும்?"

மெக்கானிக்கின் கை தட்டிலேயே நின்றது. எதிர்வீட்டுச் சுவர் பேசியிருந்தால்கூட அவ்வளவு திகைத்திருக்க மாட்டார்.

"பொடியனெல்லாம் ஒரு ஆளா? என் இடுப்பு உசரம் இருக்கான். பந்து வந்தா ஏணி வச்சா பிடிப்பான்?"

மெக்கானிக்கின் முகம் சிவந்தது. இடது கை மேசையில் விழுந்ததில் தண்ணீர் டம்ளர் துள்ளியது. "இல்ல!" என்றார். அவர் விடவில்லை, கழுத்து நரம்பு புடைக்க, உதட்டைக் குவித்துக் குவித்து முக்கினார்.

"போ... போ... போடி!"

டெய்லரம்மாவுக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "இன்னொரு தடவை சொல்லுங்க! எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுங்க!"

அவர் பலமாகத் தலையாட்டினார். இல்லை, இல்லை, அது இல்லை. "பொ... பொடி... பொடியன்!"

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டது. அவருக்கும் புரிந்துவிட்டது. கோணலாக ஒரு சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நித்தமும் சண்டை. பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தார்கள். முதலில் அவரைச் சீண்டுவதற்காகத்தான் கொக்கின் பக்கம் நின்றாள். ஆனால் பார்க்கப் பார்க்க அவளுக்கே அவன்மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. பந்து எங்கோ இருக்கும்போதும் அவன் கையை ஆட்டி, வாய் ஓயாமல் கத்தி, முன்னால் நிற்பவர்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்தான். "உங்க பொடியன் தன் பந்தைத்தான் பார்க்கிறான். கொக்கு மொத்தப் பேரையும் பார்க்கிறான்" என்றாள். மெக்கானிக் பதில் தேடினார். அவள் தையல் ஊசியில் நூல் கோத்தபடி காத்திருந்தாள். "ஓடினா... யாரு... பிடிப்பா?" என்று வந்தது. ஒரே மூச்சில் மூன்று வார்த்தை! பயிற்சிப் பெண் கேட்டுவிட்டு அட்டைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

ஒரு சனிக்கிழமை அவள் கடையைப் பூட்டிவிட்டு டிப்போ ஆட்களைத் தானே கூப்பிட்டு வந்தாள். பேச்சு சூடு பிடித்ததும் மெக்கானிக் வாயைத் திறந்தார். "கொக்கு... பிடிப்பான். ஆனா..." கண்டக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஆனா ஓடமாட்டான், அதானேண்ணே?" இன்னொருவர், "ஆனா வயசாச்சு, அதானே?" என்றார். மெக்கானிக்கின் முகம் சுருங்கிப்போனது.

"கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்றாள் டெய்லரம்மா. "அவர் வார்த்தையை அவர் எடுத்துக்கட்டும்."

கண்டக்டர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "ஆனா... திரும்ப... நேரமாகும்" என்று முடித்தார் மெக்கானிக். கண்டக்டர் தொடையைத் தட்டி, "அதாண்ணே பாயின்ட்டு!" என்றார். அதன் பிறகு வாரம் தவறாமல் வந்தார்கள். காத்திருக்கவும் பழகிக்கொண்டார்கள்.

அணியை அறிவித்த நாள் அவள் கடையில் ரேடியோவைத் திருகிவைத்திருந்தாள். பின்வரிசையின் பேர்கள் வந்தன. ஃபுல் பேக் பொடியன்தான். கொக்குக்கு மாற்று ஆட்டக்காரர் பெஞ்ச்.

அவளுக்கு வந்த கோபம் அவளுக்கே புதிது. ரேடியோவை அணைத்துவிட்டு, யாருடைய பேன்ட் என்றுகூடப் பார்க்காமல் மடமடவென்று தைக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டுக்கு வீட்டுப் பக்கம் போகவில்லை. ஜெயித்தவர் முகத்தைப் பார்க்க மனசில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. மெக்கானிக் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். வாதம் வந்த பிறகு அவர் தனியாகத் தெருவைத் தாண்டியதே இல்லை. அவள் பதறி எழுந்தாள். அவர் உட்காரு என்று கை காட்டிவிட்டு, மூச்சு வாங்க ஸ்டூலில் அமர்ந்தார்.

"கொக்கு... நல்ல ஆளு" என்றார்.

"இப்ப சொல்லுங்க."

"ரெண்டாவது பாதில... இறக்குவாங்க. பொடியனை... விங்ல போட்டுட்டு... கொக்கைப் பின்னாடி."

அவ்வளவு நீளமாக அவர் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அதை அவள் கவனித்தாளா என்பது சந்தேகம்தான். "விங்லயா? அப்ப இப்ப இருக்கிற விங்கை என்ன பண்றதாம்?" என்று கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

மெக்கானிக் ஸ்டூலை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.