திரும்பிப் போன கோலா

ஃபல்லா எண்ணெய்ப்பனை ஏறிக் குலை வெட்டுகிறவர். லைபீரியாவில், எங்கள் லோஃபா பக்கம், அந்த வேலைக்கு ஆள் நிறைய உண்டு. ஆனால் ஆற்றுப் பாலத்தில் நடந்ததைப் பார்த்து உயிரோடு இருப்பவர் அவர் ஒருத்தர்தான். சண்டைக்காலத்தில் 'சிவப்பெறும்பு' என்ற தளபதி, சுமை தூக்க மாட்டேன் என்ற அவருடைய அண்ணனை அங்கேதான் சுட்டான்.

பிறகு அவன் ஐரோப்பாவுக்கு ஓடிப்போய், பேரை மாற்றிக்கொண்டு பஸ் ஓட்டினான். அந்த நாட்டுப் போலீஸ் பிடித்தது. இங்கே இந்த மாதிரி தளபதிங்க மேல் கேஸ் நடந்து நான் பார்த்ததில்லை. அங்கேயாவது நடக்கட்டும் என்று இருந்தோம்.

அதிலிருந்து கேஸுக்காக விசாரிக்க ஜீப்பில் ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். இறங்கும்போதே கையில் பேனா. "பாலத்துல என்ன நடந்துச்சு?" ஃபல்லா சொல்வார். சொன்ன மறுநாள் மரம் ஏற மாட்டார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பார். அவர் தேறுவதற்குள் அடுத்த ஜீப் வந்துவிடும்.

ஒரு நாள் சியாம்மா நடந்தே வந்தாள். சிவப்பெறும்புக்கு அத்தை. வெள்ளைத் தட்டில் கோலாக்கொட்டை, மரியாதைக்கும் சமாதானத்துக்கும் நாங்கள் நீட்டுகிற கசப்புக் கொட்டை.

"எங்க வீட்டுப் பய உங்க வீட்ட அழிச்சிட்டான், மகனே. பேச எனக்கு வாயில்ல. இத எடுத்துக்க."

வீடு தேடி வந்த கோலாவைத் தள்ள எங்கள் ஊரில் எவனுக்கும் கை வராது. ஃபல்லா அதை உடைத்துப் பாதியை அவளிடம் கொடுத்தார், பாதியை வைத்துக்கொண்டார். கூட வந்த பேரன் போனில் படம் பிடித்தான்.

அந்த வெளிநாட்டுக் கோர்ட்டே சாட்சி கேட்க எங்கள் தலைநகர் மன்ரோவியாவுக்கு வந்து ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தது. ஃபல்லாவை என் மோட்டார் சைக்கிளில்தான் கூட்டிப்போனேன். சிவப்பெறும்பின் வக்கீல் அந்தப் படத்தைக் காட்டினான்.

"கோலாவ வாங்குனீங்களா?"

"வாங்குனேன்."

"அப்ப மன்னிச்சாச்சு?"

"வந்தவங்கள உக்காரச் சொன்னேன்."

"சமாதானம் ஆயிட்டீங்களா, இல்லையா?"

"அந்தம்மாவோட எனக்கு என்னய்யா சண்ட?"

மொழிபெயர்த்தவன் இதை எப்படிச் சொன்னானோ! நீதிபதி தலையாட்டி எழுதிக்கொண்டார்.

தீர்ப்பில் பாலத்துக் கொலையைத் தள்ளிவிட்டார்கள். சாட்சி எதிராளி குடும்பத்தோடு ஏதோ பேசி முடித்திருக்கிறார், நம்ப முடியாதாம். சிவப்பெறும்பு விடுதலையாகி அங்கே தன் வீட்டுக்குப் போய்விட்டான். அந்த நாட்டு அரசு வக்கீல் அம்மா போன் போட்டாள்: அப்பீல் இருக்கிறது, பாலத்துக் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும், கோலா விஷயத்தையும் தெளிவாக்க வேண்டும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஏண்ணே, அந்தச் சனியனத் தொடாம இருந்திருக்கலாமில்ல?" என்றேன்.

"எத்தன பேரு வந்தானுங்க, ஃபாயா? எல்லாவனும் பேனாவோட வந்தான். கோலாவோட வந்தது அந்தம்மா ஒருத்திதான்."

மறுநாள் அந்தப் பாதிக் கோலாவைத் துணியில் முடிந்துகொண்டு என் வண்டியில் ஏறினார். காய்ந்து மரக்கட்டையாகியிருந்தது. சியாம்மா உரலில் மரவள்ளி இலை இடித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் வைத்தார்.

"இப்பவா திருப்பித் தர்ற?"

"எனக்காக இல்லம்மா. கோர்ட்டுக்காக."

அவள் அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் இடித்தாள்.

"கறி ஆயிடும். சாப்பிட்டுப் போங்கடா."

ஃபல்லா அடுப்பைப் பார்த்தார். பசிதான், காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை.

"வேணாம்மா. சாப்பிட்டா அதையும் கேப்பானுங்க."