கழுத்து நீண்ட காளான்

வெள்ளானூரில் காளான் வளர்க்கும் கொட்டகையில் நான் வைக்கோல் அவிக்கும் வேலைக்குப் போனேன். இடுப்பு விட்டுப்போகும் வேலை. அங்கே காவலுக்கு ஒருவர் இருந்தார். ஒட்டிய கன்னம், வெளுத்த காக்கிச் சட்டை, ஓயாத இளைப்பு. கொட்டகைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பார். உள்ளே காளானைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

ஈ வரும் என்று ஜன்னல்களைச் சாக்கால் மூடச் சொல்லியிருந்தார் முதலாளி. இந்தத் தடவையும் காளான் சரியில்லையென்றால் கொட்டகையையே மூடிவிடுவதாகவும் சொல்லியிருந்தார். காளானோ தலை சிறுத்து, காம்பு மட்டும் நீண்டு வந்தது.

"பாரு யக்கா, மூச்சு முட்டி கழுத்த நீட்டிக்கினு கீது" என்று சாக்கை அவிழ்த்தார் அவர்.

"முதலாளி திட்டுவாரே அண்ணே?"

"திட்டட்டும். ஈய நான் ஓட்டிக்கிறேன்."

பகலெல்லாம் ஜன்னலோரம் துண்டை வீசியபடி நின்றார். அடுத்து வந்த காளான் தட்டுத் தட்டாக விரிந்தது. எங்கள் வேலை பிழைத்தது. ஆனால் விரிந்த காளான் உதிர்த்த தூள் நெஞ்சில் சேர்ந்து, அவர் இளைப்பு முற்றிவிட்டது. அவர்தான் வேலையை விட்டு நின்றுவிட்டார். கடைசிவரை அவர் பேர் கேட்கக்கூட எனக்குக் கூச்சம்.

இப்போதும் நெரிசல் பஸ்ஸில் யாராவது ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டினால், கால் வலித்தாலும் எழுந்து இடம் விடுகிறேன்.