பம்பரத்தின் சாட்சிக் கையெழுத்து

என் அக்காவுக்கு வீட்டில் பம்பரம் என்று பெயர். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அப்பா படுத்த படுக்கையான பிறகு ஆஸ்பத்திரி, பென்ஷன் ஆபீஸ், மருந்துக்கடை என்று ஒற்றை ஆளாக அலைந்தாள். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுவாள். அண்ணனோ வெளியூரில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே அப்பாவைக் கவனித்துக்கொண்டான்.

வீடு அக்காவுக்குத்தான் என்று அப்பா உயில் எழுதினார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். டாக்டர் போட்டுவிட்டார். வரச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டுக்காரரைக் காணோம்.

"இதுக்குப் போய் ஒரு ஆளுக்காகக் காத்துக்கிட்டு நிக்கணுமா? அடுப்புல பால் இருக்கு!" என்று அக்காவே அந்த இடத்தில் கையெழுத்தைப் போட்டாள்.

அப்பா போன பிறகு வக்கீல் உயிலைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கிறிஸ்தவங்களுக்கு உள்ள சட்டப்படி, சாட்சி போட்டவங்களுக்கு அந்த உயில்ல எழுதினது சேராதும்மா. இப்ப வீடு மூணு பேருக்கும் பொது. மத்த ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்தாதான் உண்டு."

அதற்கும் ஒரு பத்திரம் தயாரானது. நான் உடனே கையெழுத்துப் போட்டு அண்ணனிடம் தள்ளினேன். அக்கா உட்காரவே இல்லை. காபி டம்ளர்களைக் கழுவ எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"இதெல்லாம் அவசரப்படக் கூடாதும்மா. படிச்சுப் பார்த்துட்டுத்தான் போடணும்."

இரண்டு வருஷம் ஆகிறது. அந்த மகாராசன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான்.