பேரை விட்டேன், ஊரைப் போட்டேன்

காரைக்குடியில் ஓட்டலாக மாற்றப்பட்ட ஒரு பெரிய வீட்டின் முன்கூடத்தை மூன்று நாளுக்குக் கேட்டு வாங்கியிருந்தோம். சிறையில் இருப்பவர்கள் வரைந்த படங்களை மாட்டி விற்க வேண்டும். ஏற்பாடு செய்தவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. தேவாலயக் குழுவோடு வாராவாரம் சிறைக்குப் போய் வரையச் சொல்லித் தருகிறார். எல்லோருக்கும் அவர் டீச்சர். நான் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன் என்பதால், பேப்பருக்குச் செய்தி எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. டீச்சர் இரண்டே நிபந்தனைகள் வைத்தார். வரைந்தவர் பெயர் வரக் கூடாது. செய்த குற்றம் வரக் கூடாது.

படங்களில் பாதி மயில், சிவன், மலைக்குப் பின்னால் சூரியன். ஒன்று மட்டும் முகம். இருபது வயதுப் பெண், சிரிக்கிறாள், முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. ‘என் மகள்’ என்று தலைப்பு. படத்தின் பின்பக்கம் பென்சிலில் கோட்டையூர் என்று எழுதியிருந்தது. ஊர் இல்லாத செய்தியை நான் எழுதியதில்லை. ‘கோட்டையூரைச் சேர்ந்த ஆயுள் கைதி ஒருவர் தன் மகளை வரைந்த படம்’ என்று எழுதி, போட்டோவோடு அனுப்பினேன். மறுநாள் அப்படியே வந்தது.

அன்று காலை பத்து மணிக்கு ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கூடையில் மடித்த பேப்பர். வேறு எந்தப் படத்தையும் பார்க்காமல் அந்த முகத்தின் முன்னால் போய் நின்றார்.

“இதை எழுதுனது யாரு சார்?”

“நான்தாம்மா.”

“கோட்டையூர்னு யாரு சொன்னா?”

“படத்துக்குப் பின்னால எழுதியிருந்துச்சு.”

“பின்னால கெடந்தத ஏன் சார் முன்னால கொண்டாந்தீக?”

அவர்தான் வரைந்தவரின் மனைவி. கணவர் உள்ளே போனபோது பிள்ளைக்கு ஒரு வயது. அப்பா செத்துவிட்டார் என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறார். அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

“பக்கத்து வீட்டுல பேப்பரக் காட்டி, ‘ஒங்க மக செயிலுக்குள்ள போயி உக்காந்து படம் வரையக் குடுத்தாளா’ன்னு சிரிக்கிறாக. இன்னைக்குச் சிரிக்கிறாக. நாளைக்கு யோசிக்க மாட்டாகளா?”

“மக இப்ப எப்படி இருக்கான்னு அவருக்கு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. பழக்கம்.

“தெரியாது சார். இது அவ இல்ல, நானு. கல்யாணமான புதுசுல இப்படித்தான் இருந்தேன். அவளுக்கு அப்படியே என் மொகம்.”

அப்போதுதான் அவருடைய பல்லைக் கவனித்தேன்.

படத்தைக் கழற்றலாமா என்று டீச்சரைக் கேட்டேன். விலை போனால் கழற்றலாம், விற்காமல் திருப்பி அனுப்பினால் அந்த மனிதர் மறுபடி தூரிகையைத் தொட மாட்டார் என்றார். நானே வாங்கினேன். கழற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“எங்க வீட்டுல எங்க சார் மாட்ட? யாரு வரைஞ்சதுன்னு அவ கேட்டா?”

பிறகு கூடையிலிருந்த பேப்பரைக் காட்டினார்.

“படத்தக் கழட்டிட்டீக. இத?”

தவறான செய்திக்குத் திருத்தம் போடலாம். நிறையப் போட்டிருக்கிறேன். இது சரியான செய்தி. அவர் பேப்பரை இன்னும் சிறிதாக மடித்துக் கூடையின் அடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அவர் போனதும் டீச்சர் ஓர் அட்டையைக் கொடுத்தார். வாங்குகிறவர்கள் படத்தை வீட்டில் எங்கே மாட்டியிருக்கிறார்கள், யார் யார் பார்க்கிறார்கள் என்று எழுதித் தர வேண்டுமாம். சிறை வகுப்பில் அதை வாசித்துக் காட்டுவார். வரைந்தவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள்.

கல்யாண மாதம் போய்விட்டது. நடந்ததா, தெரியவில்லை. கோட்டையூர் டவுன் பஸ் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. போய் விசாரித்தால், நான் யார், எதற்குக் கேட்கிறேன் என்று நாலு பேர் கேட்பார்கள். படம் என் வீட்டு பீரோவுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கிறது.

போன வாரம் டீச்சர் போன் செய்தார்.

“எல்லாம் தெரிஞ்சுதான் கேக்குறேன் சார். மூணு வகுப்பா அவர் கேக்குறார், எந்தச் சுவர்ல மாட்டியிருக்காங்கன்னு. ஒரு வரி எழுதிக் குடுங்களேன்.”

“எழுதுறேன் டீச்சர்.”

அட்டையில் என் முகவரியை மட்டும் நிரப்பியிருக்கிறேன்.