என் வீட்டு முன்வாசல் குழாய்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் ஜார்ஜ்டவுனில் சொந்த உழைப்பில் மாடி வீடு கட்டினேன். ஊர்க் குடிநீரைச் சோதிக்க, படித்தவன் வீடெல்லாம் இருக்க, தண்ணீர் வாரியத்தார் என் முன்வாசல் குழாயைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மாதம் ஒருமுறை ஒரு பெண் வந்து, கிருமி சாகக் குழாய் வாயை நெருப்பில் சுட்டு, போத்தலில் தண்ணீர் பிடித்துப் போவாள். மனைவி இறந்தபின் என் கேட்டைத் திறந்து வந்தவள் அவள் ஒருத்திதான்.

பிறகு சாலையோரம் சோதனைக்கென்றே ஒரு குழாயை நட்டார்கள். அவள் அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, என் கேட்டைத் திறக்காமலே திரும்பிப் போனாள். இரண்டு மாதம் பொறுத்தேன். அப்புறம், தண்ணீரில் வாடை அடிக்கிறது என்று புகார் கொடுத்துவிட்டேன்.

வந்து சோதித்தாள். “தண்ணி நல்லாத்தான் இருக்குலா, அங்கிள்.”

“காப்பி போட்டுக் குடிச்சாத்தான் தெரியும். உள்ள வாம்மா.”

சிரித்துக்கொண்டே காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினாள்.